உடற்பயிற்சி அறிவியல் படித்தால் மருத்துவமனை வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறாள். 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். சென்ற ஆண்டு முழங்கால் வலிக்குப் பிசியோதெரபி எடுத்துக்கொண்டதிலிருந்து, தானும் அந்த வேலைக்கே போக வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரின் மகள் உடற்பயிற்சி அறிவியலில் பட்டம் பெற்று, இப்போது பிசியோதெரபிஸ்ட் ஆவதற்குப் படிக்கிறாள். எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றிலும் அதே பெயரில் பி.எஸ்சி. இருக்கிறது. மருத்துவமனையில் வேலை உறுதி என்று சொல்லி, இந்த மாதமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? முழங்கால் வலியோடு அவள் தொடர்ந்து ஓடலாமா?
— விசைத்தறித் தொழில் செய்யும் தந்தை ஒருவர், குமாரபாளையம்

பதில்: அன்புள்ள ஐயா, முன்பணத்தை இந்த மாதம் கட்ட வேண்டாம். உங்கள் மகள் விரும்புவது, வலியோடு வருபவரின் மூட்டைத் தொட்டுப் பார்த்து, குறையைக் கண்டறிந்து, சிகிச்சை கொடுத்து அனுப்பும் வேலை என்றால், அதற்கு நம் நாட்டில் உள்ள படிப்பு பி.பி.டி. எனப்படும் இளநிலை பிசியோதெரபிப் பட்டம்தான். அரசு ஆவணங்களில் இதை இயன்முறை மருத்துவம் என்று எழுதுவார்கள். உடற்பயிற்சி அறிவியலில் பி.எஸ்சி. முடித்த ஒருவர் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. பிசியோதெரபி முதுநிலையான எம்.பி.டி.யிலும் சேர முடியாது, ஏனென்றால் அதற்கு பி.பி.டி. முடித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. முடித்த பிறகு மனம் மாறினால், மீண்டும் பி.பி.டி. முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

உங்கள் மைத்துனர் மகளின் கதை உண்மையானதே. ஆனால் அந்த நாட்டின் ஏற்பாடு வேறு. அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேரே சேரக்கூடிய பிசியோதெரபிப் பட்டம் இப்போது இல்லை. அங்கே 2016 முதல், அங்கீகாரம் பெற்ற எல்லாப் பிசியோதெரபிப் படிப்புகளும் முனைவர் நிலையில், டி.பி.டி. என்ற பெயரில்தான் நடக்கின்றன. நான்காண்டு இளநிலைப் பட்டம் ஒன்றை முடித்து, உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் காட்டி, பெரும்பாலும் ஒரு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பார்வையாளராக இருந்த மணிக்கணக்கையும் சேர்த்து விண்ணப்பித்தால்தான் மூன்றாண்டு டி.பி.டி.யில் இடம் கிடைக்கும். இளநிலையில் எந்தப் பாடத்தை எடுத்தாலும் தடையில்லை. ஆயினும் கேட்கப்படும் முன்பாடங்களில் பெரும்பகுதி உடற்பயிற்சி அறிவியலுக்குள்ளேயே வந்துவிடுவதால், அங்குள்ள மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதல் பட்டத்தோடு நின்றுவிடுபவர்களின் நிலை அங்கேயும் நடுத்தரம்தான்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் பிசியோதெரபிஸ்டின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர், உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்கள் போகும் உடற்பயிற்சி உடலியங்கியலாளர் வேலையின் ஊதியம் சுமார் 55 ஆயிரம் டாலர். ஆகவே, அந்தப் பெண்ணுக்குப் பிசியோதெரபிஸ்ட் என்ற தகுதியைத் தரப்போவது இரண்டாவது பட்டம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு அந்தத் தொழிலுக்கே நேரே போய்ச் சேர முடியும்போது, வேறொரு நாட்டின் சுற்றுவழியை இங்கே கொண்டுவந்து நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். இணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் பிசியோதெரபி தனிப் பிரிவு. சுகாதாரத் தொழிலர் என்று ஒருவர் கணக்கில் வர, குறைந்தது 3,600 மணிநேரம் கொண்ட பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பெயரில் 'ஹெல்த்', 'ரிஹாப்' என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டு புதிது புதிதாகப் பட்டங்கள் வந்துகொண்டிருக்கும் காலத்தில், எந்தப் பட்டம் எந்தப் பதிவேட்டில் பெயர் எழுத வைக்கும் என்பதைத்தான் பெற்றோர் முதலில் கேட்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் படத்தையும் கட்டடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பி.பி.டி.க்கு உங்கள் மகள் எடுத்திருக்கும் உயிரியல் பிரிவு பொருத்தமானது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு வழியாக நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. திருச்சியில் அரசு பிசியோதெரபிக் கல்லூரி இருக்கிறது; சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம் தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு என்பதால், ஒவ்வொரு கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கும் உங்கள் வீட்டுக் கணக்கில் மதிப்பு இருக்கிறது. நான்கரை ஆண்டாக இருந்த இந்தப் படிப்பு, தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டப்படி ஓராண்டு பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தாண்டாகிறது. நுழைவுத் தகுதி விதிகளும் மாறும் கட்டத்தில் இருப்பதால், மகள் சேரப்போகும் ஆண்டின் அறிவிப்பேட்டை முழுவதுமாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்தவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிசியோதெரபி படித்தவுடன் கை நிறையச் சம்பளம் என்றும் நான் சொல்லமாட்டேன். தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் பல பெற்றோருக்கு ஏமாற்றம் தரும் அளவில்தான் இருக்கிறது. ஆனால் பணியின் எல்லை விரிவானது. பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிற்க வைப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவது, மூட்டு மாற்று அறுவைக்குப் பின் படியேற வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டை விட்டு வர முடியாதவர்களின் கட்டிலருகே போய்ச் சிகிச்சை தருபவர்களுள் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சிறிய ஊரிலேயே சொந்தமாகக் கிளினிக் வைத்துக்கொள்ளலாம் என்பதும் குமாரபாளையம் போன்ற ஓர் ஊருக்குச் சின்ன விஷயம் இல்லை. தறி ஓட்டி இடுப்பு வலியோடும் தோள் வலியோடும் வாழ்பவர்கள் அங்கே எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு உடற்பயிற்சி அறிவியல் வீண் படிப்பு என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்பவன். என் அன்றாட வேலையின் பாதி அந்த அறிவியல்தான். உடலுழைப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியதே ஒரு பேருந்து ஆய்விலிருந்துதான். லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்ததை ஜெர்ரி மோரிஸ் குழுவினர் 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். (நம் டவுன் பஸ்ஸில் மாடி இல்லை, ஆனால் நெரிசலுக்குள் முன்படிக்கும் பின்படிக்கும் போய்வரும் நடத்துநரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும்.) இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கூறியது. சுருங்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும், ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே யாருக்கு, எவ்வளவு, எந்த வேகத்தில் உடற்பயிற்சி என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் நமக்கு நிறையவே தேவைப்படுகிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றை மட்டும் காட்டுகிறேன். இதயத்தில் பைபாஸ் அறுவை முடிந்து சில வாரங்களான ஒருவர் எங்களிடம் வருகிறார் என்று வையுங்கள். முதல் நாள் அவரை டிரெட்மில்லில் ஏற்றுவதில்லை. முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் கூம்பு வைத்து, ஆறு நிமிடம் தம்மால் முடிந்த வேகத்தில் நடக்கச் சொல்கிறோம். இடையில் நிற்க வேண்டுமென்றால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நாங்கள் அவரோடு சேர்ந்து நடப்பதில்லை, ஏனென்றால் உடன் நடந்தால் எங்கள் வேகத்துக்கு அவர் வந்துவிடுவார். நடையின் முன்னும் பின்னும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறிக்கிறோம். இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது. வயதை 220-இலிருந்து கழித்தால் வரும் எண்ணையே நாடித்துடிப்பின் உச்ச அளவு என்று வைத்துக்கொண்டு, இன்னும் எண்பதைத்தானே தொட்டிருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அதனால் 6-இலிருந்து 20 வரை எண்ணிட்ட போர்க் அளவுகோலைக் காட்டி, இப்போது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கேட்கிறோம். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த அட்டையைப் பார்க்காமலேயே "பரவாயில்லைங்க, நடக்கலாமுங்க" என்பார்கள். அப்போது அட்டையை விட்டுவிட்டு, அவரால் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, உதடு வெளுக்கிறதா, கை கைப்பிடியை இறுக்குகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். உடலியங்கியல், மருந்தியல், மனிதரைப் படிக்கும் பழக்கம் மூன்றும் ஒரே நிமிடத்தில் வேலை செய்யும் இடம் அது.

ஆனால் இதே வேலையை இந்திய மருத்துவமனைகளில் யார் செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பிசியோதெரபிஸ்டுகள் என்பதே பதில். உடற்பயிற்சி உடலியங்கியலாளர் என்ற பதவியைத் தனியே வைத்திருக்கும் மருத்துவமனைகள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆஸ்திரேலியாவில் அது அங்கீகாரம் பெற்ற தொழில். நாள்பட்ட நோயுள்ளவரை மருத்துவர் முறைப்படி பரிந்துரைத்தால், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அமர்வுகளுக்கு அரசின் மெடிகேர் திட்டமே ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருகிறது. அப்படிப் பணம் தரும் ஏற்பாடு இல்லாத நாட்டில், படிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மருத்துவமனையில் நாற்காலி உருவாவதில்லை. "வேலை உறுதி" என்று உங்களிடம் சொன்னவர்கள் எந்த மருத்துவமனையில், எந்தப் பதவிப் பெயரில், எந்தச் சம்பளத்தில் என்று எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்களுக்கு இங்கே உள்ள உண்மையான இடங்கள் விளையாட்டுத் துறையிலும், உடற்பயிற்சிக் கூடங்களிலும், நிறுவனங்களின் ஊழியர் நலத் திட்டங்களிலும்தான். வீரர்களின் ஆக்சிஜன் கொள்ளளவைச் சோதிப்பது, ஓட்டத்தின் அசைவைக் கேமராவில் பிடித்துப் பிரித்துப் பார்ப்பது, வலிமைப் பயிற்சி கொடுப்பது, பயிற்சிச் சுமையைக் கணக்கிடுவது போன்றவை சுவையான வேலைகள். அவற்றில் நல்லவை முதுநிலைப் பட்டம் கேட்கும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும், போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் பிரிவிலும் இந்தத் துறை முறையாக நடக்கிறது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணி இதிலிருந்தும் வேறு, அதற்கு உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், ஓடுகிற பெண்ணுக்கு உறவினர்கள் முதலில் சொல்லும் யோசனை அதுவாகத்தான் இருக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இந்த இரண்டு படிப்புகளையும் எடைபோடும்போது எனக்கு முக்கியமாகப் படுவது, எந்தப் பட்டம் பிறகு எங்கெல்லாம் போக விடும் என்பதே. பி.பி.டி. முடித்தவர் எம்.பி.டி.யில் விளையாட்டுப் பிரிவையோ இதய, நுரையீரல் பிரிவையோ எடுக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டு அறிவியல், உடற்பயிற்சி உடலியங்கியல் முதுநிலைக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிநாடு போக நினைத்தால் அந்தந்த நாட்டின் தகுதி மதிப்பீட்டையும் தேர்வையும் கடந்து பதிவு பெறலாம். உடற்பயிற்சி அறிவியலிலிருந்து எதிர்த்திசையில் அப்படி வர முடிவதில்லை. பதினேழு வயதில் விருப்பம் முழுதாகத் தெளிவாகியிருக்காது. பின்னால் திசை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் படிப்பை முதலில் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. மகளுக்கு நோயாளிகளைவிட விளையாட்டு வீரர்களோடு இருப்பதில்தான் உண்மையான ஆர்வம் என்றால் மட்டும் நான் வேறு பதில் சொல்வேன்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவருக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுமதி கேட்டு, அரையாண்டு விடுமுறையில் சில நாட்கள் காலை முதல் மாலை வரை கிளினிக்கில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தம்மைப் போன்ற ஓட்டக்காரர்கள் அங்கே வருவது அரிது. வருபவர்களில் பலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஒரே பயிற்சியை நூறு முறை சொல்லித்தர வேண்டியவர்கள், சொல்லிக் கொடுத்ததை வீட்டில் செய்யாமலேயே "செஞ்சேனுங்க" என்பவர்கள். அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையாவிட்டால் சரியான ஆள்தான். முதலாம் ஆண்டு உடற்கூறியல் புத்தகம் ஒன்றையும் புரட்டிப் பார்க்கட்டும்: ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடமாக வேண்டும். பிளஸ் ஒன் விலங்கியலில் உள்ள தசை மண்டலப் பாடத்தை விரும்பிப் படிக்கும் மாணவிக்கு அது சுமையாகத் தெரியாது.

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் அந்தத் தனியார் கல்லூரியில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்தால், ஒரு வேலை நாளில் நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிரெட்மில்லும் சைக்கிளும் எந்த ஜிம்மிலும் இருக்கும். முகமூடி மாட்டி வெளிமூச்சின் ஆக்சிஜனை அளக்கும் கருவி இருக்கிறதா, அதைத் திருத்திப் பார்க்கப் பயன்படும் வாயு சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் இல்லை, அல்லது காலியாகி நாளாகிவிட்டது என்றால், அந்தக் கருவி பார்வையாளர்களுக்குக் காட்டவே வாங்கப்பட்டது. பட்டத்தைக் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், ரத்த அழுத்தம் பார்க்கவும் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டவும் எந்த ஆண்டில் கற்றுத்தருகிறார்கள், எந்த மருத்துவமனையோடு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, சென்ற ஆண்டு முடித்தவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கல்லூரியென்றால் பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக முழங்கால். கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. வீக்கம் வருகிறது, மூட்டு பூட்டிக்கொள்கிறது, நடக்கும்போது கால் நழுவுகிறது என்பவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகே ஓட வேண்டும். அவை இல்லாமல், படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முட்டிச் சில்லைச் சுற்றி வலிப்பது மட்டும்தான் தொல்லை என்றால், ஓட்டத்தை அறவே நிறுத்துவதால் பெரும்பாலும் பயனில்லை. தொடையின் முன்தசையையும் இடுப்புப் பக்கத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைச் சிகிச்சை தந்தவரிடம் மீண்டும் கேட்டுத் தொடர வேண்டும். பொதுத்தேர்வு முடியும் வரை வாரத்துக்கு மூன்று நாள் மிதமான ஓட்டம் போதும். முழு வேக 400 மீட்டர் சுற்றுகளைத் தள்ளிப்போடலாம். ஓடும்போது வரும் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அந்த அளவு அவருக்குச் சரி. தாண்டினால் அடுத்த முறை தூரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களின் மூலப்படிகளைப் பத்திரமாக வையுங்கள். விளையாட்டுப் பிரிவில் இடம் தரும் கல்லூரிகளில் விண்ணப்பத்தோடு அவற்றையும் கேட்பார்கள்.